தகரக் கூரை தரும் கரண்ட்

மணலியிலோ மாதவரத்திலோ ஒரு தொழிற்சாலைக் கூரையில் சோலார் பேனல் ஏறியதும் உள்ளே வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஈபி கரண்டும் வருகிறது, சோலாரும் வருகிறது; மோட்டார் எதை எடுத்துக்கொள்ளும்? மாற்றிவிட எங்கேயாவது சுவிட்ச் இருக்கிறதா?

சுவிட்ச் கிடையாது. மெயின் போர்டுக்குள் தடித்த செம்பு அல்லது அலுமினியப் பட்டை ஒன்று ஓடும், பஸ்பார் என்பார்கள். இரண்டும் அதில்தான் வந்து சேர்கின்றன, ஒரே தொட்டியில் இரண்டு குழாய் திறந்திருப்பதுபோல. பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் கருவியான சோலார் இன்வெர்ட்டர் ஈபியின் 50 ஹெர்ட்ஸ் அலையை விடாமல் கவனித்து, அதே தாளத்தில் தன் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. வெயில் கொடுப்பதை முழுவதும் தள்ளிவிடும். பற்றாததை மட்டும் ஈபி நிரப்பும். ஆலைக்கு 800 கிலோவாட் தேவை, கூரை 500 தருகிறது என்றால், வாசலில் உள்ள மீட்டர் 300-ஐத்தான் பார்க்கும்.

கூரையில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிச்சம் பட்டதும் ஒரு சிலிக்கான் செல் தருவது சுமார் அரை வோல்ட். செல்களைத் தொடராகக் கோத்துப் பேனல், பேனல்களைத் தொடராகக் கோத்து ஸ்ட்ரிங் என்று பல நூறு வோல்ட் நேர்மின்சாரமாகச் சேர்த்து இன்வெர்ட்டருக்கு அனுப்புகிறார்கள். தொடரில் எது பலவீனமோ அதுதான் மற்றவற்றையும் இழுத்துப் பிடிக்கும். ஒரு புகைபோக்கியின் நிழல் சில செல்கள்மேல் விழுந்தாலே அந்த வரிசை சோர்ந்துபோகும். அதனால் பேனல்களுக்குள் டயோடு வைத்து, நிழல் பட்ட பகுதியைச் சுற்றிக்கொண்டு போக வழி செய்திருக்கிறார்கள்.

வெயில் ஏற ஏற கரண்ட் கூடும் என்று நினைப்போம். பேனலுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு ஆகாது. அதன் திறனை அளப்பது செல்லின் வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது. மே மாதத் தகரக் கூரையில் அது 65 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.35 சதவீதம் என்று கழித்தால் 14 சதவீதம் போய்விடும். தகரத்துக்கும் பேனலுக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுவது அதனால்தான்.

50,000 சதுர அடி ஷெட்டில் கிட்டத்தட்ட 500 கிலோவாட் வைக்கலாம். கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,500 யூனிட் என்றால், ஏழரை லட்சம் யூனிட். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க, யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம் 500 டன்னுக்கு மேல் எரிக்க வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். எண்ணூர் பழைய அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் உலைகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன. கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கின் எடை தெரியும். ஒரு கூரையால் எந்த உலை தணிந்தது என்று விரல் நீட்டிக் காட்ட முடியாது, எல்லாம் ஒரே மின்கம்பி வலை. ஆனால் எங்கோ அந்த அளவுக்குக் குறைவாக எரியும், அது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, ஆலைக்காரர்களைக் குழப்பும் இடத்துக்கு வருவோம்: பவர் ஃபேக்டர். மோட்டாருக்கு வேலை செய்ய ஒரு மின்சாரம் போக, தன் காந்தப்புலத்தை உண்டாக்கி வைக்க இன்னொரு மின்சாரமும் வேண்டும். அது செலவாவதில்லை, போய்ப் போய்த் திரும்பும். ஆனாலும் கம்பியில் இடம் பிடிக்கும். கம்பியில் போகும் மொத்தத்தில் வேலைக்குப் போகும் பங்குதான் பவர் ஃபேக்டர் (மொத்தம் என்பது இரண்டின் நேர்க் கூட்டல் அல்ல). முன்சொன்ன ஆலை 800 கிலோவாட்டோடு 390 கே.வி.ஏ.ஆர். (காந்த மின்சாரத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இதையும் ஈபியிடம் வாங்குகிறது என்றால், பவர் ஃபேக்டர் 0.90. இப்போது சோலார் வந்து 500 கிலோவாட்டைத் தாங்கிக்கொள்கிறது. 390 அப்படியே ஈபி தலையில் நிற்கிறது. 300-க்கு 390 என்றால் பவர் ஃபேக்டர் 0.61. ஒரு மோட்டாரும் மாறவில்லை, யாரும் தவறு செய்யவில்லை, ஆனால் ஹெச்.டி. எனும் உயர் அழுத்த இணைப்பில் 0.90-க்குக் கீழே போனால் அபராதம். பில்லில் யூனிட் குறைந்தும் எதிர்பார்த்த தொகை குறையாதபோது, பேனல் சரியில்லை என்று பழியைக் கூரைமேல் போட்டுவிடுகிறார்கள். தீர்வு கீழேயே இருக்கிறது. காந்த மின்சாரத்தை ஆலைக்குள்ளேயே தரும் கெபாசிட்டர் பேங்கைப் பெரிதாக்கலாம். இன்வெர்ட்டரையே அந்தக் காந்த மின்சாரத்தில் ஒரு பங்கைத் தரும்படி அமைக்கலாம். பேனல் வாங்கும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும்.

ஈபி போனால் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும், உச்சி வெயிலிலும். கம்பியில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் அதில் இருப்பதால் இந்த ஏற்பாடு. அப்புறம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் அதன் அலையைப் பிடித்து மறுபடி சேரலாம். அங்கே ஒரு ஆபத்து. கம்ப்ரெஸர் ஒன்று சட்டென்று நின்று தேவை குறைந்தால், மிஞ்சிய சோலார் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் பாயும். டீசல் என்ஜின் அதைத் தாங்காது. மிகக் குறைந்த சுமையில் நெடுநேரம் ஓடுவதும் அதற்குக் கேடு. ஆகவே ஜெனரேட்டர்மேல் 30 சதவீதச் சுமையாவது இருக்கும்படி, ஒரு கன்ட்ரோலர் சோலாரை அவ்வப்போது அடக்கிவைக்கும்.

பெரிய ஆலைக்குக் கூரை பற்றாது.  அதனால் தென் மாவட்டங்களில் அமைந்த சோலார் பண்ணையில் பங்கு வாங்கி, ஈபி கம்பி வழியே மின்சாரம் எடுக்கும் வழியும் உண்டு. 2005-ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கையில் 26 சதவீத உரிமையாவது இருக்க வேண்டும். விளைவதில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். பண்ணையில் விளைந்த அதே மின்சாரம் மணலிக்கு வருவதில்லை. அங்கே ஊற்றியது, இங்கே எடுத்தது என்ற கணக்குதான் வருகிறது.

வடசென்னைக் கூரைக்கு ஒரு கடினமான கூட்டு உண்டு: கடலின் உப்பும் நிலக்கரியின் சாம்பலும். உப்பு கிளாம்பையும் போல்ட்டையும் அரிக்கும், அதனால் ஐ.இ.சி. 61701 என்ற உப்புப்பனிச் சோதனையில் தேறிய பேனல்தான் இங்கே பொருந்தும். சாம்பல் இரவு ஈரத்தில் ஒட்டிக் காய்ந்துவிட்டால் காற்றில் பறக்காது, கழுவியே ஆக வேண்டும். உப்புக் கரித்த போர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைப் படலம் மிஞ்சும். நல்ல தண்ணீர் வேண்டும்.

கழுவுவது யார் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆட்கள். தகர ஷெட்டில் வெளிச்சத்துக்காக நடுநடுவே பதித்த ஃபைபர் ஷீட், தூசி படிந்தால் தகரம்போலவே தெரியும். கால் வைத்தால் உடையும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் ஆளைத் தாங்காது. நடைபாதையும் இடுப்புக் கயிறு மாட்டும் கம்பியும் பேனலோடு சேர்ந்தே எஸ்டிமேட்டில் வர வேண்டும். வேலையும் வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழலாம்.