சீரியல்: தொடரா, நாடகமா?

செட்டிநாட்டு வீடுகளில் விளக்கேற்றியபின் வளவு எனப்படும் உள்முற்றப் பகுதியில் பாய் விரித்து மல்லிகை தொடுக்கும் ஆச்சிமாரின் விரல்கள் நாரில் இருக்கும், கண்கள் சீரியலில் இருக்கும். ‘சீரியல்’ என்னும் சொல்லின் பொருள் அந்த விரல்களிலேயே கிடக்கிறது.

‘சீரியல்’ ஆங்கிலச் சொல். அதன் வேர், கோத்தல், இணைத்தல் என்னும் பொருளுடைய ‘செரேரே’ என்ற இலத்தீன் வினை. பூமாலைகளைக் குறிக்கும் ‘செர்த்தா’ என்ற இலத்தீன் சொல்லும் அவ்வினையிலிருந்தே வந்தது. தமிழிலும் ‘தொடு’ என்பதை அடுத்து, மாலையைக் குறிக்கும் தொடை, தொடலை ஆகியவையும் ‘தொடர்’ என்பதும் நிற்கின்றன. பழந்தமிழில் ‘தொடர்’ சங்கிலியையும் குறித்தது. புறநானூற்று 74ஆம் பாட்டில் வரும் ‘தொடர்ப்படு ஞமலி’ சங்கிலியால் கட்டப்பட்ட நாய். மாலை ஏழு மணிக்குமேல் நம் வீட்டாரின் நிலைக்கும் இப்பொருள் பொருந்தும் என்பார் உண்டு.

சீரியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் மற்றொரு பெயரான ‘சோப் ஓபரா’வின் கதை வேறு. 1930களில் அமெரிக்க வானொலியில் இல்லத்தரசிகளுக்காகப் பகலில் ஒலித்த தொடர்களுக்குச் சவர்க்கார நிறுவனங்கள் பணம் கொடுத்ததால் வந்த கேலிப்பெயர் அது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வீண்வேலை. மெக்சிகோவில் இவ்வடிவம் நாவலின் பெயரால் ‘டெலிநாவெலா’ ஆயிற்று. அந்த மெக்சிகோ முன்மாதிரியைப் பார்த்துத்தான் 1984இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்னும் இந்தித் தொடரைத் தொடங்கியது. கடல்கடந்த ஊரின் குடும்பச் சண்டை நமக்கும் புரிந்தது. சிங்களத்தார் ‘டெலி’யோடு, அவர்கள் மொழியில் நாடகத்தைக் குறிக்கும் ‘நாட்டிய’த்தைக் கூட்டினர், கன்னடத்தார் இடையறாத ஒழுக்கு என்னும் பொருளில் ‘தாராவாஹி’ என்கின்றனர்.

தமிழில் ‘தொடர்’ என்பதே நேரான சொல். வார இதழ்த் தொடர்கதையிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘நெடுந்தொடர்’ எனலாம். ‘நாடகம்’ என்பது மேடைக்குரியது என்று கண்டிப்போர் உளர். எனக்கு அக்கண்டிப்பு உடன்பாடன்று. வணிகத்துக்காகக் கடல்கடந்து ‘கொண்டுவிற்கப்’ போனவர்களின் வழிவந்தோர் வாழும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதுவே நாவில் பழகிய சொல். காரைக்குடியைக் களமாகக் கொண்டு 2010 முதல் 2015 வரை ஓடிய ‘நாதஸ்வர’த்தைப் பற்றி அந்நாளில் இங்குள்ள ஆச்சி, “நேத்துச் சீரியல் பாத்தீகளா?” என்று தொலைபேசியில் கேட்டால், கோலாலம்பூர்ச் சம்பந்தி, “நாடகம்தானே? பாத்தாச்சு ஆச்சி” என்றே விடை சொல்வார்.