பஃபர்: கேமராவுக்குள் ஒரு தாங்கல்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஒரு ஜனவரி மாதக் காலை. கூழைக்கடா ஒன்று இறக்கைகளை அகல விரித்து, கால்களை முன்னே நீட்டியபடி நீரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற இளைஞர் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. மூன்று வினாடி சடசடவென்று ஓடிய ஷட்டர் திடீரென்று நின்றது. மறுபடி அழுத்தினார், அசைவில்லை. மெனு பொத்தானும் வேலை செய்யவில்லை. "கேமரா ஹேங் ஆகிவிட்டது அண்ணா" என்று சொல்லிக்கொண்டே கேமராவைக் கவிழ்த்து, பேட்டரி மூடியில் நகத்தை வைத்துவிட்டார்.

"திறக்காதீர்கள் தம்பி. பின்பக்கத்தில் அந்தச் சின்ன விளக்கு மின்னுகிறதா, பாருங்கள்" என்றேன். மின்னிக்கொண்டிருந்தது.

அந்தக் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. எடுத்த படங்களைக் கார்டில் எழுதும்வரை தேக்கி வைக்கும் நினைவகமான பஃபர் நிரம்பியிருந்தது, அவ்வளவுதான். 'ஹேங்' என்று நினைப்பவர் கை பேட்டரியைத் தேடிப் போகும். 'பஃபர்' என்று தெரிந்தவர் பத்து வினாடி பொறுப்பார். எடுத்த படங்கள் கிடைப்பதும் தொலைவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதனால்தான் பஃபருக்கு, சொன்னவுடன் வேலை விளங்கும் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. பழைய பிரெஞ்சில் 'பஃப்' என்றால் அடி, அறை. அது ஆங்கிலத்துக்கு வந்து, மெத்தென்ற பொருள்மேல் அடி விழும் ஓசையையும் குறித்தது. 1830களில் ரயில்பாதைகள் பரவியபோது, ஒரு பெட்டி இன்னொன்றில் மோதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கருவிக்கு 'பஃபர்' என்று பெயர் வந்தது. பெரம்பூர் தொழிற்சாலை கட்டிய பழைய நீலநிறப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பெட்டியின் இரு முனைகளிலும் இடமும் வலமுமாக இரண்டு வட்டத் தட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னால் சுருள்வில். என்ஜின் வந்து முட்டும்போது தட்டு உள்ளே போய்த் திரும்பும், பயணியின் கையிலிருக்கும் தேநீர் சிந்தாது.

ரயிலிலிருந்து அது பல துறைகளுக்குப் போனது. பிரிட்டனின் பர்மாவுக்கும் பிரான்சின் இந்தோசீனாவுக்கும் நடுவில் இருந்த சயாமைப் பஃபர் நாடு என்றார்கள். அமிலமோ காரமோ சிறிது சேர்த்தாலும் பிஎச் அளவை அதிகம் மாறவிடாத கரைசல் பஃபர் கரைசல் ஆனது.

கணினிக்குள் நுழைந்தபோது பொருள் சற்றே நகர்ந்தது. அங்கே மோதல் கிடையாது, வேகப் பொருத்தமின்மை உண்டு. கொடுப்பவன் வேகமாகக் கொடுக்கிறான், வாங்குபவன் மெதுவாக வாங்குகிறான். நடுவில் சற்று நேரம் தேக்கி வைக்க ஓர் இடம் வேண்டும். அதுவே பஃபர். இன்று செல்பேசியில் வீடியோ நின்று வட்டம் சுற்றும்போது "பஃபர் ஆகிறது" என்கிறோம். தடங்கலைத் தடுக்க வைத்த பொருளின் பெயரே தடங்கலுக்குப் பெயராகிவிட்டது. கேமராவிலும் இதே குழப்பம் தொற்றிக்கொண்டது.

இனி தமிழ். கணினிச் சொற்பட்டியல்களில் பஃபருக்கு 'இடையகம்' என்று இருக்கிறது. பிழையான சொல் அன்று. இரண்டுக்கும் இடையில் இருக்கும் அகம் என்று, பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அது அங்கே என்ன செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் அந்த இளைஞரிடம் "இடையகம் நிரம்பிவிட்டது" என்றிருந்தால் அவர் விழித்திருப்பார்.

மேல்நிலை வேதியியல் பாடநூலில் வேறொரு சொல் பல ஆண்டுகளாகப் புழங்குகிறது: தாங்கல் கரைசல். எனக்கு இதுவே பிடித்த சொல், காரணமும் உண்டு. தாங்குதல் என்ற வினைக்குத் தமிழில் இரண்டு வேலை. வந்து விழுவதைப் பொறுத்துக்கொள்வது ஒன்று: இடிதாங்கி. இன்னொருவர் பாரத்தைச் சற்று நேரம் ஏந்தி நிற்பது மற்றொன்று: சுமைதாங்கி. பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடப்பவர் குனியாமல், யாருடைய கையையும் எதிர்பாராமல், சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு இளைப்பாறுவார். வயிற்றுச் சுமையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தக் கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. எத்தனை நுட்பமான மனம் அது! ரயில்பெட்டியின் வட்டத் தட்டு இடிதாங்கியின் இனம் என்றால், கேமராவின் பஃபர் சுமைதாங்கியின் இனம். இரண்டையும் ஒரே வினை தாங்குகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்தில் 'தாங்கல்' என்றால் சிற்றேரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னைக்காரர்கள் அன்றாடம் சொல்லும் ஊர்ப்பெயர்களில் அந்த ஏரிகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் நின்றிருந்த இடமும் ஒரு தாங்கல்தான். மழைக்காலத்தில் ஒரேயடியாகப் பாய்ந்து வரும் நீரைப் பிடித்து வைத்து, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு விடும் நீர்நிலை. கேமராவுக்குள் நடப்பதும் வரிக்கு வரி இதுவே.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் சென்சார் எடுக்கும் ரா படம், அதாவது சென்சார் தந்த தரவை அப்படியே வைக்கும் படம், சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 40 எம்பி (மெகாபைட்). வினாடிக்கு 10 படம் எடுத்தால் வரத்துக்கால் வழியே வினாடிக்கு 400 எம்பி பாய்கிறது. மதகு, மெமரி கார்டு. அதில் வினாடிக்கு 80 எம்பி மட்டுமே எழுத முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வினாடியும் 320 எம்பி தேங்குகிறது. தாங்கலின் கொள்ளளவு 960 எம்பி என்றால் மூன்றே வினாடியில் கரை தொட்டுவிடும். முழுவதும் வடிய 12 வினாடி. ஏரியில் மிகுநீர் வெளியேறக் கலங்கல் உண்டு. கேமராவில் கலங்கல் இல்லை, ஒரு படத்தைக்கூட வெளியே விடாது. அதனால் வரத்தை நிறுத்திவிடுகிறது. நாம் உணரும் அந்தத் திடீர் நிறுத்தம் அதுதான்.

தாங்கலின் அளவு கேமராவுக்குக் கேமரா மாறும். 2016இல் வந்த கேனான் 5டி மார்க் IV வினாடிக்கு 7 படம் வீதம், வேகமான கார்டோடு, 21 ரா படங்கள் வரை தாங்கும். அதே ஆண்டு வந்த நிக்கான் டி500 வினாடிக்கு 10 படம் வீதம் எடுத்தும், எக்ஸ்கியூடி என்ற வேகமான வகைக் கார்டு இருந்தால், 200 வரை போகும். நிக்கானில் பொத்தானைப் பாதி அழுத்தினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் 'ஆர்' என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் தெரியும். தாங்கலில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் என்பதே அந்த எண். பறவைக்காரர்கள் அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே விட்டுவிட்டு அழுத்துவார்கள்.

கொள்ளளவைக் கூட்ட நம்மால் முடியாது, மதகைப் பெரிதாக்க முடியும். கார்டின் முகப்பில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30, வி60, வி90 என்ற குறிகள் வினாடிக்கு முறையே 30, 60, 90 எம்பிக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்று உறுதி சொல்கின்றன. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் சேமிக்கும்படி வைத்திருந்தால், மெதுவான கார்டின் வேகமே மதகின் வேகம். பழைய கார்டு ஒன்றை இரண்டாவது துளையில் போட்டுவிட்டுக் கேமராவைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாங்கலில் இருக்கும் படங்கள் மின்சாரம் உள்ளவரை மட்டுமே உயிரோடு இருக்கும். அந்த நினைவகம் அப்படிப்பட்டது. விளக்கு மின்னும்போது பேட்டரியை உருவினால் வடியாத படங்கள் அத்தனையும் போய்விடும். எழுதிக்கொண்டிருந்த கார்டும் கெடலாம். மின்விசையை அணைத்தால்கூடப் பல கேமராக்கள் எழுதி முடித்த பிறகே அணைகின்றன. மூடியைத் திறந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

விளக்கும் மின்னாமல், எந்தப் பொத்தானும் கேட்காமல், நிமிடக்கணக்கில் அப்படியே நின்றால் அது வேறு. அதற்கு ஆங்கிலத்தைப் பார்த்து 'உறைந்துவிட்டது' என்று எழுத வேண்டியதில்லை. செய்தித்தாள்கள் 'இணையதளம் முடங்கியது' என்று எழுதுகின்றனவே, அந்த முடங்கல் போதும். முடங்கிய கேமராவுக்கு மட்டும் பேட்டரியைக் கழற்றி மாட்டலாம். லென்ஸின் உலோகத் தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைக்கலாம். கார்டை மாற்றிப் பார்க்கலாம். படங்களைப் பிரதி எடுத்தபின் பழைய கார்டைக் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும். இரவுவானத்தை 30 வினாடி எடுத்தபின் இன்னொரு 30 வினாடி கேமரா பேசாமல் இருந்தால் அது முடங்கலும் அன்று, தாங்கல் நிரம்பியதும் அன்று. படத்தில் தோன்றும் 'நாய்ஸ்' என்ற இரைச்சல் புள்ளிகளைக் கழிக்க அது ஓர் இருட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாமென்றால் மெனுவில் நிறுத்திவிடலாம்.

அன்று விளக்கு அணையும்வரை நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றோம். அணைந்ததும் இளைஞர் படங்களைப் பின்னாலிருந்து முன்னே ஓட்டினார். கடைசிப் படத்தில் கூழைக்கடாவின் இரண்டு பாதங்களும் நீரைத் தொட்டிருந்தன, சவ்வு விரிந்து, பின்னால் இரண்டு வெள்ளைக் கோடுகள் கிழிந்திருந்தன. "தாங்கல் காலியாகிவிட்டதா அண்ணா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பறவைக்குக் கேமராவைத் தூக்கினார்.