ஆறு சட்டம், பத்து லட்சம் டிசைன்

"சஷிகோ என்பது ஜப்பானியப் பெண்கள் ஊசியால் போடுகிற தையல்தானே? அதைத் தறியில் நெய்கிறோம் என்று விற்கிறார்களே, அச்சடித்த சுங்குடி மாதிரி ஏமாற்று வேலையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

ஏமாற்று இல்லை. ஜூடோ விளையாடுகிறவர்களின் தடித்த வெள்ளைச் சட்டையை எப்போதாவது கிட்டத்தில் பாருங்கள். அரிசியைப் பரப்பி வைத்தாற்போல் புடைப்புப் புடைப்பாக இருக்கும். எதிராளி கொத்தாகப் பிடித்து இழுத்தாலும் கிழியாத அந்தத் துணி சஷிகோ நெசவுதான். ஊசி வேலை தறிக்கு வந்து வெகுகாலம் ஆகிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது அந்த அரிசிமணித் துணி அல்ல, 'ஹிதோமெசஷி' என்கிற ஒற்றைத் தையல் சஷிகோ. அதற்குப் போகும் முன் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் முக்கியத் தீவான ஹோன்ஷுவின் வடகோடியில் இருக்கிறது சுகாரு. அந்தக் குளிரில் பருத்தி விளையாது. போதாக்குறைக்கு, உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தக் கூடாது என்று 1724-இல் அங்கே சட்டமும் போட்டார்கள். சல்லடைபோலக் கண் விட்ட நார்த்துணிதான் மிச்சம். அதன் கண்களை வரி வரியாக நூல் ஓட்டி அடைத்தார்கள் பெண்கள். காற்று நின்றது, துணியும் உழைத்தது, அழகு உபரி. 1891-இல் அங்குள்ள ஆவோமோரி நகர் வரை ரயில் வந்தது. பருத்தித் துணி எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தத் தையலுக்கான தேவை குறைந்தது.

சரி, ஒற்றைத் தையலுக்கு வருவோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிடைக்கோட்டின் மேல் ஊசி ஓட்டுகிறீர்கள்: ஒரு கட்ட அளவு நூல் மேலே தெரியும், அடுத்த கட்டத்துக்கு அடியில் போகும், மறுபடி மேலே. அந்தக் கோட்டில் நீங்கள் எடுக்கும் முடிவு ஒன்றே ஒன்று, முதல் தையல் மேலா கீழா என்பது. மேல் என்றால் 1, கீழ் என்றால் 0. எல்லாக் கிடைக்கோடுகளையும் இப்படி முடித்துவிட்டு, நெடுக்குக் கோடுகளையும் அதே மாதிரி தைக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. பத்துக்குப் பத்துக் கோடு என்றால் இருபது முடிவுகள், 10,48,576 டிசைன்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. இரண்டு கோடுகள் வெட்டும் ஏதாவது ஒரு புள்ளியில் விரலை வையுங்கள். அதன் இடப்பக்கத் தையல் மேலே தெரிந்தால் வலப்பக்கத் தையல் அடியில் இருக்கும். ஆகவே கிடையாக ஒரு தையல்தான் அந்தப் புள்ளியைத் தொடும். நெடுக்கிலும் அப்படியே. ஒவ்வொரு புள்ளியிலும் சரியாக இரண்டு தையல்கள், செங்கோணமாகச் சந்திக்கின்றன. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அப்படியானால் எந்தக் கோடும் துணியின் நடுவே அந்தரத்தில் முடியாது, கிளையும் பிரியாது. சுற்றி வந்து தன்னையே தொடும், அல்லது துணியின் ஓரத்துக்குப் போய்ச் சேரும். சிக்குக் கோலம் போட்ட கைகளுக்கு இது சட்டென்று புரியும். இதனால்தான் எந்த ஒற்றைத் தையல் டிசைனையும் இரண்டே வண்ணங்களால், பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒரே நிறமாகாமல் நிரப்பிவிட முடிகிறது. துணியைத் திருப்பினால் எல்லா 1-உம் 0 ஆகிப் பின்பக்கம் வேறொரு முழு டிசைன் இலவசமாகக் கிடைக்கும்.

காலின் டிஃபன்ட், நோவா கிராவிட்ஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் இதில் இன்னும் ஆழமாக இறங்கினார்கள். மூடிய வளையம் எவ்வளவு கோணல் மாணலாக இருந்தாலும், அதன் சுற்றளவை எட்டால் வகுத்தால் மீதி 4, பரப்பை நான்கால் வகுத்தால் மீதி 1 என்று நிரூபித்தார்கள். ஒற்றைக் கட்டத்துக்குச் சுற்றளவு 4, பரப்பு 1. கூட்டல் குறி வடிவத்துக்கு 12, 5. நோட்டில் போட்டுப் பாருங்கள். காசைச் சுண்டி 1, 0 தேர்ந்தெடுத்தால் சராசரியாக எத்தனை பகுதிகள் வரும் என்ற அவர்களுடைய கணக்கில் பை (π) வந்து உட்கார்ந்திருக்கிறது. வட்டமே இல்லாத துணியில் பை! "தையலை ஆராயவா நிதி?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. இன்னொரு கூட்டமும் உண்டு, "அந்தக் காலத்திலேயே அவர்களுக்கு எல்லாம் தெரியும்" என்று பார்வர்டு அனுப்புகிறவர்கள். சுகாரு பெண்களுக்குக் குளிர் தெரியும், துணி தெரியும். அந்தப் பெருமை போதாதா?

இப்போது தறி. அடித்துணி சாதா நெசவு. தறியில் நீளவாக்கில் கட்டும் நூல் பாவு, அதற்குக் குறுக்கே ஓட்டும் நூல் ஊடை. ஆறு பாவிழைக்கு ஒரு முறை, தடித்த வெள்ளை நூல் ஒன்று கூடுதல் பாவாக ஓடுகிறது. இவைதான் நெடுக்குத் தையல்கள். கோத்த பாவிழைகளை ஒன்றாகத் தூக்கி இறக்குகிற சட்டகம்தான் விழுதுச் சட்டம். 1 என்று தொடங்க வேண்டிய வெள்ளை இழைகள் எல்லாம் ஒரு விழுதுச் சட்டத்தில், 0 எல்லாம் இன்னொன்றில். எத்தனை நெடுக்குக் கோடு இருந்தாலும் இரண்டே சட்டம் போதும். ஒன்றைத் தூக்கி ஆறு ஊடை நெய்து, பிறகு அதை இறக்கி மற்றதைத் தூக்க வேண்டும். அந்த மாற்றத்தின்போது தடித்த வெள்ளை ஊடை ஒன்றை ஓட்டினால் அது கிடைத்தையல். இந்த ஊடை ஒரு கட்டத்துக்கு மேலும் அடுத்ததற்குக் கீழும் போக வேண்டுமே? அதற்காக அடித்துணிப் பாவையும் ஒன்றுவிட்ட கட்டங்களாக இரண்டு குழுவாகப் பிரித்து, சாதா நெசவுக்குக் குழுவுக்கு இரண்டாக, நான்கு சட்டங்களில் ஏற்ற வேண்டும். ஆக மொத்தம் ஆறு.

ஊசிக்கு நெடுக்கும் கிடையும் ஒன்றுதான். தறிக்கு அப்படியில்லை. நெடுக்கு வரிசையின் 1, 0 எல்லாம் விழுதில் இழை கோக்கும்போதே முடிந்த முடிவாகிவிடுகிறது. கிடை வரிசையை ஒவ்வொரு வெள்ளை ஊடைக்கும் அந்தக் கணத்தில் தீர்மானிக்கலாம். பாதி தலைவிதி, பாதி சுயபுத்தி. ஒரே பாவில், வரிசை வரிசையாக மனம் மாறி, முற்றிலும் வேறு வேறு துணிகளை நெய்துகொண்டே போகலாம்.

தொடங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடித்துணி இழை ஒவ்வொரு ஊடைக்கும் ஏறி இறங்குவதால் அதிக நீளம் செலவாகும். வெள்ளைப் பாவு நேராகப் போவதால் குறைவாகச் செலவாகும். இரண்டையும் ஒரே உருளையில் சுற்றினால் ஒரு முழம் நெய்வதற்குள் வெள்ளை தொங்கிவிடும். அதைத் தனியே பிரித்து, தறிக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுவதே எனக்குச் சரிப்பட்டது.

என் முதல் துணியில் ஒரு வெள்ளை இழையைச் சட்டம் மாற்றிக் கோத்திருந்தேன். நெய்து முடித்துப் படம் எடுத்துப் பார்க்கும்வரை தெரியவே இல்லை. 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 வந்தால் அதுவும் ஒழுங்கான இன்னொரு டிசைன்தானே! இரண்டாவது துணியில், பேச்சு மும்முரத்தில் ஒரு இடத்தில் சட்டம் மாற்ற மறந்தேன். அந்த வரிசையில் மட்டும் ஒரு புள்ளியில் மூன்று தையல், மற்றொன்றில் ஒன்றே ஒன்று. கிளை பிரிந்தும் அந்தரத்தில் நின்றும், மூன்றடி தள்ளி நின்றாலே பல்லிளித்தது. பதினான்கு ஊடைகளைப் பிரித்துத் திரும்ப நெய்தேன்.