இலை காலியாவதற்குள்

பாடகி சரணத்தின் உச்சியில் இருக்கிறார். ஹெட்ஃபோனில் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி திரை அப்படியே உறைந்து நிற்கிறது. வீட்டு அறையில் ஒரு கணினி, ஒரு மைக், இரண்டையும் இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி வைத்துப் பாட்டு செய்கிற எல்லோரும் இதை அனுபவித்திருப்பார்கள். எனக்கு ஒருமுறை, திரும்பப் பாடினாலும் அப்படி வராது என்கிற மாதிரியான ஒரு டேக், அதாவது ஒரே மூச்சில் பாடிப் பதிந்த பதிவு, இப்படிப் போனது. அன்றைக்கு அந்தப் பாட்டுப் பதிவு மென்பொருளை எழுதியவர்கள் மேல் பயங்கரக் கோபம். அப்புறம் உள்ளே என்னதான் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இப்படியொரு மென்பொருள் ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் ஓடுவதே பெரிய காரியம் என்று புரிந்தது.

கணினிக்கு ஒலி என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், வீடியோ வேலைகளில் 48,000. இந்த ஒவ்வொரு எண்ணுக்கும் சாம்பிள் என்று பெயர். ஸ்பீக்கருக்குப் போகும் மின்சுற்று இந்த எண்களை ஒரே வேகத்தில் வாங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பொறுமை கிடையாது.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர் ஒரே சீராகச் சாப்பிடுகிறார். இலை ஒரு கணம்கூடக் காலியாகக் கூடாது என்பது நிபந்தனை. பரிமாறுகிறவர் ஒவ்வொரு பருக்கையாகவா கொண்டுவர முடியும்? கரண்டி கரண்டியாகத்தான் போடுவார். அந்தக் கரண்டிதான் பஃபர். அதன் அளவை 128 சாம்பிள் என்று வைத்தால், 48,000 வேகத்தில் அது சுமார் 2.7 மில்லி நொடிக்குத்தான் வரும். அதற்குள் அடுத்த கரண்டி தயாராக வேண்டும். இப்படி ஒரு நொடிக்கு 375 முறை. ஒருமுறை தவறினாலும் இலை காலி, காதில் 'டப்'.

கரண்டியைப் பெரிதாக்கினால் என்ன? செய்யலாம். 1024 சாம்பிள் என்றால் 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும், மென்பொருள் மூச்சுவிடும். ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரல் அவ்வளவு தாமதமாக ஹெட்ஃபோனில் கேட்கும். மைக்கிலிருந்து உள்ளே வரும்போது ஒரு தாமதம், வெளியே போகும்போது இன்னொன்று. தாளம் பிசகிவிடும். அதனால்தான் ரெக்கார்டிங் செய்யும்போது சின்ன பஃபர், மிக்ஸிங்கில் பெரிய பஃபர் என்று மாற்றி மாற்றி வைக்கிறோம்.

"சிபியு 40 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் சத்தம் உடைகிறதே?" என்று பலர் கேட்பார்கள். அந்த 40 என்பது சராசரி. பந்தியில் சராசரிக்கு மதிப்பில்லை. நூறு முறை சீக்கிரம் வந்து ஒருமுறை தாமதமாக வந்தாலும் அந்த ஒருமுறை இலை காலிதான். இன்னொரு காரணமும் உண்டு. சிபியுவுக்குள் தனித்தனியே கணக்கிடும் கோர்கள் எட்டு இருந்தாலும், ஒரு ட்ராக்கில் (ஒரு குரலுக்கோ வாத்தியத்துக்கோ உரிய தடம்) வரிசையாக மாட்டிய பிளக்இன்களை, அதாவது ஒலியை உண்டாக்கும் அல்லது மாற்றும் குட்டி மென்பொருள்களை, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும். கனத்தையும் கீச்சையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரிலிருந்து வந்த ஒலியைத்தானே, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் வாங்க வேண்டும்! ஆக, பளு மிகுந்த ஒரே ஒரு ட்ராக் ஒரு கோரைத் திணறடிக்கும். மற்ற கோர்கள் சும்மா இருக்கும்.

அந்த 2.7 மில்லி நொடிக்குள் நிரல் எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. சுழலும் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஒரு துண்டைத் தேடி எடுக்கவே பத்து மில்லி நொடி வரை ஆகலாம். ஆகவே அந்த நேரத்தில் கோப்பைத் தொடக் கூடாது. இயங்குதளத்திடம் புதிதாக மெமரி கேட்கக் கூடாது. வேறொரு வேலை பூட்டி வைத்திருக்கும் தரவுக்காகவும் நிற்கக் கூடாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதற்கு இந்தக் கடைசிச் சிக்கல்தான் காரணம்: முக்கியத்துவம் குறைந்த ஒரு வேலை பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, அவசரமான வேலை வெளியே காத்து நின்றது. செவ்வாயில் கலத்தை ரீசெட் ஆக்கிய அதே வகைப் பிழை நம் வீட்டு மேசையிலும் 'டப்' என்று கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பிழை வேறொன்று. பாட்டு முடிந்து ரிவெர்பின் வால் மெல்ல அடங்குகிறது. முழு அமைதி. அப்போது பார்த்து சிபியு மீட்டர் மேலே ஏறும்! ஒலி தேயத் தேய எண்கள் சிறுத்துக்கொண்டே போகும். பத்தின் அடுக்கு மைனஸ் 38 என்ற அளவுக்கும் கீழே போனால், பல சிப்கள் அந்த எண்களை வழக்கமான வேக வழியில் கணக்கிடாது. தனி வழியில், பல மடங்கு மெதுவாகக் கணக்கிடும். காதுக்கு எட்டவே எட்டாத ஒலிக்காகக் கணினி மூச்சுத் திணறும். இவ்வளவு சின்ன எண் வந்தால் பூஜ்யமாக வைத்துக்கொள் என்று சிப்பிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் தீர்வு. ஒரு பிளக்இன் எழுதியவர் இதை மறந்தால் போதும்.

இனி கிராஷ், அதாவது மென்பொருள் மொத்தமாக விழுவது. 1996இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் பாட்டுப் பதிவு மென்பொருளான கியூபேஸோடு விஎஸ்டி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. யார் வேண்டுமானாலும் ஒரு எஃபெக்டை எழுதலாம், 1999இலிருந்து ஒரு வாத்தியத்தையும் எழுதலாம், அது கியூபேஸுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்றைய வீட்டு ஸ்டூடியோ பிறந்ததே இதனால்தான் என்பேன். ஆனால் அப்படி வருகிற பிளக்இன் பெரும்பாலும் ஹோஸ்டின், அதாவது தனக்கு இடம் கொடுத்த கியூபேஸ் போன்ற மென்பொருளின், மெமரிக்குள்ளேயே குடியேறுகிறது. நடுவில் சுவர் கிடையாது. ஒரு பிளக்இன் தவறுதலாகத் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் ஓர் எண்ணை எழுதிவிட்டால், அது ஹோஸ்டின் தரவாக இருக்கலாம், இன்னொரு பிளக்இனின் தரவாகவும் இருக்கலாம். விளைவு உடனே தெரிவதில்லை. பத்து நிமிடம் கழித்து வேறெங்கோ இடறும்போது, இயங்குதளம் மொத்த நிரலையும் மூடிவிடும். கெடுத்தது ஒன்று, பழி விழுவது இன்னொன்றின் மேல்.

சுவர் எழுப்ப முடியும். 2014இல் வெளிவந்த பிட்விக் ஸ்டூடியோ என்ற பாட்டு மென்பொருள் பிளக்இன்களைத் தனி நிரல்களாக ஓடவிட்டது. ஒன்று விழுந்தால் அந்த வாத்தியம் மட்டும் ஊமையாகும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு கரண்டியையும் சுவரைத் தாண்டிக் கொடுத்து வாங்க வேண்டும். அதற்கும் நேரம் பிடிக்கும், அதுவும் அதே 2.7 மில்லி நொடிக்குள். என்னைக் கேட்டால் அந்த விலை கொடுக்கத் தகுந்ததே.

சரி, நேற்று வரை ஒழுங்காக ஓடியது அப்டேட் செய்ததும் ஏன் நிற்கிறது? ஒரு சாதாரணப் பாட்டில் முப்பது பிளக்இன்கள் இருக்கும், பத்து நிறுவனங்கள் எழுதியவை. அதன் கீழே ஹோஸ்ட், அதற்கும் கீழே ஆடியோ பெட்டியோடு பேசும் டிரைவர் நிரல், அடியில் இயங்குதளம். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மாறுகிறது. 2019இல் ஆப்பிள் கணினிகளின் இயங்குதளமான மேக் ஓஎஸின் கேட்டலினா பதிப்பு, 32 பிட் என்ற பழைய வகை நிரல்களை அடியோடு கைவிட்டது. எழுதியவர்கள் தொழிலையே விட்டுப்போயிருந்த பழைய பிளக்இன்கள் அன்றோடு போயின. 2020 இறுதியில் ஆப்பிள் இன்டெல் சிப்பிலிருந்து தன் சொந்த சிப்புக்கு மாறத் தொடங்கியது. ஒரே நிரலுக்குள் இரண்டு சிப்களின் கட்டளைகள் சேர்ந்து ஓடாது. ஆகவே பழைய இன்டெல் பிளக்இன் ஒன்று வேண்டுமானால், மொத்த ஹோஸ்டையும் மொழிபெயர்ப்பு வழியில் ஓட்ட வேண்டும், அல்லது அந்த பிளக்இனைத் தனி நிரலாகப் பிரித்து வைக்க வேண்டும்.

2024 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் 14.4 இன்னும் வேதனை. பெயரைப் பார்த்தால் சில்லறை அப்டேட். ஆனால் திருட்டுத் தடுப்புப் பூட்டு போட்ட பல பிளக்இன்கள் அதில் திறக்க மறுத்தன. யாரும் உடைத்துப் பார்க்க முடியாதபடி இந்தப் பூட்டுகள் இயங்குதளத்தின் அடி ஆழத்தோடு ஒட்டி நிற்பவை. அதனால் கீழே ஒரு கல் அசைந்தாலும் அவைதான் முதலில் விழும். அந்த மாதக் கடைசியில் 14.4.1 வந்து சரிசெய்தது. இதில் அடிபட்டது காசு கொடுத்து வாங்கியவர்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

நிறுவனங்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புதிய பதிப்பை விற்கப் புதிய வசதி வேண்டும். "இனி விழாது" என்று போட்டு விற்பது கடினம். அதனால்தான் பெர்லினின் ஏபிள்டன் 2010இல் செய்ததை மறக்க முடியவில்லை. அவர்களுடைய பாட்டு மென்பொருளான லைவ் 8 நிலையாக ஓடவில்லை என்று பயனர்கள் கொதித்தபோது, தலைமை அதிகாரி கெர்ஹார்ட் பெலஸ் அதை ஒப்புக்கொண்டு, புதிய வசதிகளுக்கான வேலையை நிறுத்திவிட்டுப் பிழைகளைத் திருத்துவதில் இறங்குவதாக வெளிப்படையாகவே அறிவித்தார்.

நம் பக்கம் செய்ய வேண்டியது ஒன்றுதான் பெரிதாக இருக்கிறது. ப்ராஜெக்ட் கோப்பு என்பது பாட்டு இல்லை. இந்த பிளக்இனை எடு, இந்த அளவுக்குத் திருப்பு, இந்த ஸ்வரத்தை வாசி என்று எழுதிவைத்த சமையல் குறிப்பு. குறிப்பில் சொன்ன சாமான் கடையில் இல்லையென்றால் சமையல் இல்லை. ஆகவே பாட்டு முடிந்த அன்றே ஒவ்வொரு ட்ராக்கையும் வேவ் கோப்பாக பவுன்ஸ் செய்து, அதாவது முடிந்த ஒலியாகவே எழுதி, தனியே வைத்துவிடுங்கள். வேவ் 1991இல் வந்த வடிவம், இன்றும் எதிலும் திறக்கும். ஒரு வேலை நடுவில் இருக்கும்போது எந்த அப்டேட்டையும் தொடாதீர்கள்.

போன மாதம் பத்து வருடத்துக்கு முந்தைய என் பாட்டு ஒன்றைத் திறந்தேன். மைக்கில் பதிந்த குரலும் தவிலும் அப்படியே இருந்தன. பிளக்இன் உண்டாக்கிய மின்னணு ஒலிகளான நான்கு சிந்த் ட்ராக்குகள் சாம்பல் நிறத்தில் ஊமையாகக் கிடந்தன. அந்த பிளக்இன் இன்று எங்குமே கிடைப்பதில்லை. பழைய டிஸ்கைத் துழாவியதில் மூன்றுக்கு பவுன்ஸ் இருந்தது. இழுத்துப் போட்டேன், ஓடியது. நாலாவது, இடையிசைக்குப் பின்னால் வருகிற ஒரு குழல் ஒலி. அதைக் காதில் இருக்கிற நினைவை வைத்து இப்போது மறுபடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.