ஓப்பனர்: மேடையில் முதலில் ஏறுபவரைத் தமிழில் எப்படி அழைப்பது?

ஓப்பனர் என்றதும் நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். கவாஸ்கர், ஸ்ரீகாந்த், சேவாக் என்று பெயர்கள் வரிசை கட்டும். அங்கே ஓப்பனர் என்றால் பெரிய ஆள், புதுப் பந்தை நெஞ்சு நிமிர்த்தி எதிர்கொள்பவர். அதே சொல் ஹிப்ஹாப் கச்சேரியின் சுவரொட்டிக்கு வந்தால் மதிப்பு தலைகீழாகிவிடுகிறது. மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கும். அவர் ஹெட்லைனர், அந்த இரவின் நட்சத்திரம். அடியில் பொடி எழுத்தில் மூன்று நான்கு பெயர்கள் இருக்கும். அவர்கள் உள்ளூர் ஓப்பனர்கள், நட்சத்திரத்துக்கு முன்னால் மேடையேறுகிறவர்கள். பலர் அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதே இல்லை. அதனால்தான் அந்தச் சொல்லை எடுத்துப் பேச ஆசைப்பட்டேன்.

ஹெட்லைனர் என்ற சொல்லின் வேர் அச்சுக்கூடத்தில் இருக்கிறது. தாளின் தலைப்பகுதியில் வரும் வரி ஹெட்லைன். அங்கே பெயர் அச்சாகிறவர் ஹெட்லைனர். அமெரிக்காவில் 1880கள் முதல் 1930கள் வரை கொடிகட்டிப் பறந்த வாட்வில் என்ற கதம்ப மேடைதான் இந்தச் சொல்லை நிகழ்கலைக்குக் கொண்டு வந்தது. ஒரே இரவில் பாட்டு, நகைச்சுவை, வித்தை, நாய் குரங்கு ஆட்டம் என்று எட்டு ஒன்பது நிகழ்ச்சிகள் நடக்கும். யார் எப்போது மேடையேறுவது என்பதற்கு அங்கே தெளிவான கணக்கு இருந்தது. முதலில் வருவது பெரும்பாலும் பேச்சில்லாத நிகழ்ச்சி, கழைக்கூத்து மாதிரி. ஜனங்கள் அப்போதுதான் உள்ளே வந்து இருக்கை தேடிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் வசனம் காதில் விழாது. நட்சத்திரம் வருவது கடைசிக்கு முந்திய இடத்தில். கடைசி நிகழ்ச்சி ஓடும்போது கூட்டம் எழுந்து கிளம்பத் தொடங்கிவிடும்.

ஓப்பனர் என்ற சொல்லுக்குள் இருக்கும் வேலை இங்கேதான் புரிகிறது. கலைந்து கிடக்கும் கூட்டத்தைச் சபையாக்குவது அவர் வேலை. திறமை குறைந்தவர் முதலில் வரட்டும் என்று வைத்த ஏற்பாடு இல்லை அது.

சரி, ஹிப்ஹாப்புக்கு வருவோம். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்குக் கூடத்தில் நடந்த விருந்தைத்தான் இந்தக் கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பெல் என்ற பெண் நடத்திய விருந்து அது. பெண்களுக்கு 25 செண்ட், ஆண்களுக்கு 50 செண்ட். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். ஒலிவாங்கியில் கூட்டத்தைக் கூவி உசுப்பேற்றியவர் கோக் லா ராக்.

அந்தக் காலத்தில் நட்சத்திரம் டிஜேதான். பேசுகிறவர் எம்சி, அதாவது விழாவை நடத்திக்கொடுப்பவர். நம்ம ஊர்த் தெருக்கூத்தில் ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறும் கட்டியங்காரனின் வேலைதான் ஏறக்குறைய அது. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் என்ற குழுவின் பெயரைப் பாருங்கள். தட்டு சுழற்றுகிறவர் பெயர் முன்னே, பாடுகிற ஐவர் பின்னே. அப்புறம் ஒலிப்பதிவுகள் வந்தன, வானொலி வந்தது, சொல்லுக்கு மவுசு கூடியது. கட்டியங்காரனே ராஜாவாகிவிட்டான். இன்று எம்சிக்குத்தான் பெரிய எழுத்து. டிஜே பல இரவுகளில் கூட்டம் சேரும்வரை இசைத்தட்டு போடுகிறார்.

யார் ஓப்பனர், யார் ஹெட்லைனர் என்பது நிலையாக நிற்பதும் இல்லை. 1985இல் பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவினர் பாப் பாடகி மடோனாவின் சுற்றுப்பயணத்தில் முதலில் மேடையேறினார்கள். மடோனாவைப் பார்க்க வந்த கூட்டம் கூச்சலிட்டு வரவேற்றது, அதுவும் நல்ல கூச்சல் இல்லை. 1986இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழுவுக்கு முன்னால் பாடினார்கள். 1987இல் அவர்கள் பெயரிலேயே பயணம் நடந்தது. அதில் அவர்களுக்கு முன்னால் பாடியது பப்ளிக் எனிமி என்ற இன்னொரு ராப் குழு. ராப் பாடகர் கென்ட்ரிக் லமார் 2012இல் இன்னொரு ராப் பாடகரான டிரேக்கின் பயணத்தில் முன்னால் பாடியவர். அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், 2025இல் இடைவேளை மேடை அவருடையது.

பெரிய பயணங்களைவிட எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது ஊர் அரங்குகளின் கதை. அமெரிக்காவின் மினியாப்பொலிஸ் நகரில் ஃபர்ஸ்ட் அவென்யூ என்ற அரங்கு இருக்கிறது. 1937இல் கிரேஹவுண்ட் பேருந்து நிலையமாகக் கட்டிய கட்டடம் அது. 1970இல் இசைக்கூடமானது. வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு, அதில் அங்கே பாடியவர்களின் பெயர்கள் வெள்ளி நட்சத்திரங்களாக மின்னும். ஒட்டினாற்போல செவன்த் ஸ்ட்ரீட் என்ட்ரி என்று ஒரு சிறிய அறை, சுமார் 250 பேர் நிற்கலாம். அட்மாஸ்ஃபியர் போன்ற உள்ளூர் ஹிப்ஹாப் குழுக்கள் வளர்ந்த ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில், சின்ன அறையில் பெரிய எழுத்தில் வரும் பெயர் அடுத்த மாதமே பெரிய கூடத்தில் பொடி எழுத்தில் வரும். ஆள் ஒருவரேதான், பாட்டும் அதேதான், இரவு மட்டும் வேறு. ஓப்பனர் என்பது அந்த இரவில் ஒருவர் நிற்கும் வரிசையைச் சொல்கிறது. அவருடைய தகுதியைச் சொல்வதில்லை.

அந்த வரிசையில் நிற்பது கடினம். ஒலிச் சோதனை தலைகீழ் வரிசையில் நடக்கும்: ஹெட்லைனர் முதலில், ஓப்பனர் கடைசியில். கடைசியில் சோதித்தவரின் அமைப்பு மேடையில் அப்படியே இருக்கும், நிகழ்ச்சியை அதோடு தொடங்கலாம் என்பது காரணம். முன்னவர்கள் நேரத்தை இழுத்துவிட்டால் ஓப்பனருக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. கிடைப்பது இருபது முப்பது நிமிட மேடை. பாதிக் கூட்டம் வெளியே வரிசையில் நிற்கும். சில அமைப்பாளர்கள் இத்தனை டிக்கெட் விற்றுக் கொடுத்தால்தான் மேடை என்று நிபந்தனையும் போடுவார்கள். இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத வழக்கம். கூட்டத்தைச் சபையாக்கும் உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டியது போய், உழைப்பவரிடமே காசு வாங்கும் வேலை அது.

இனி தமிழ்ச் சொல். தொடக்கக் கலைஞர் என்று எழுதுகிறார்கள். ஆனால் தொடக்கப் பள்ளி, தொடக்க நிலை என்று பழகிய காதுக்கு அது கற்றுக்குட்டி என்றுதான் கேட்கும். கிரிக்கெட்டில் தொடக்க ஆட்டக்காரர் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் ஆட்டத்தைத் தொடங்குகிறார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பிரிட்டனில் ஓப்பனரை சப்போர்ட் என்பார்கள். அதைப் பார்த்துத் துணைக் கலைஞர் என்றால் சினிமாத் துணை நடிகர் நினைவு வந்துவிடும், அல்லது பக்கவாத்தியம் என்று நினைப்பார்கள். முன்பாட்டுக்காரர் அழகான சொல். ஆனால் நம் கூத்திலும் வில்லுப்பாட்டிலும் அடியை வாங்கித் திருப்பிப் பாடுகிறவர் பின்பாட்டுக்காரர். எனவே முன்பாட்டு என்றால் அங்கே தலைமைப் பாடகரின் பாட்டு என்றாகிவிடும். ஹிப்ஹாப் மேடையில் எம்சிக்குப் பக்கத்தில் நின்று வரியின் கடைசிச் சொல்லைச் சேர்ந்து முழங்கும் ஹைப் மேனுக்குப் பின்பாட்டுக்காரர் என்ற பெயர் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

தெருக்கூத்தில் வேடங்கள் வருவதற்கு முன் மேளமும் தாளமும் ஆர்மோனியமும் சேர்ந்து முழங்குவதைக் களரி கட்டுதல் என்கிறார்கள். ஓப்பனர் செய்யும் செயலுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை. இன்னும் பழைய இடம் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. பன்னிரண்டு வயது மாதவி முதன்முதலாக மேடையேறுகிறாள். அவள் ஆடத் தொடங்குமுன் இடத்தூண் பக்கம் நின்று தோரிய மகளிர் வாரம் என்னும் பாடல் இரண்டைப் பாடுகிறார்கள். ஆடி முதிர்ந்த பெண்கள் அவர்கள் என்று உரை சொல்கிறது. அந்த மேடையில் நட்சத்திரம் புதியவள், முன்னால் பாடியவர்கள் மூத்தவர்கள். முதலில் வருபவர் சின்னவர் என்ற எண்ணமே அங்கே இல்லை.

தோரியர் என்ற சொல்லை இன்றைக்குச் சுவரொட்டியில் போட்டால் யாருக்கும் புரியாது. என் தேர்வு முன்னிசை. நூலுக்கு முன்னுரை இருக்கிற மாதிரி நிகழ்ச்சிக்கு முன்னிசை. முன்னுரை எழுதுகிறவரை யாரும் கற்றுக்குட்டி என்று நினைப்பதில்லை, பல சமயம் அவர் நூலாசிரியரைவிட மூத்தவர். ராப்புக்குச் சொல்லிசை என்ற பெயர் தமிழில் பாடுகிறவர்களிடமே வேரூன்றிவிட்டதால், அதன் பக்கத்தில் முன்னிசை இயல்பாக உட்காரும். பாடுகிறவர் முன்னிசைஞர். அவர்கள் செய்யும் வேலையைச் சொல்ல வினை வேண்டுமென்றால் களரி கட்டினார்கள் என்றே எழுதலாம். ஹெட்லைனருக்கு முதன்மைக் கலைஞர் போதும், ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

தமிழில் சுவரொட்டி அடிக்கிறவர்கள் இப்படிப் போடலாம்: எட்டு மணிக்கு முன்னிசை, அதன் கீழே பாடுகிறவர்களின் பெயர்கள். ஒன்பதரைக்கு முதன்மைக் கலைஞர், அதன் கீழே அவர் பெயர். எழுத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும்.