சமூகமயமாக்கலா, பழகுதலா?

போன வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு பயிற்சிக் கையேட்டில், ஆறாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. 'புதிய ஊழியர்களை நிறுவனமயமாக்கும் கட்டம்' என்று தலைப்பு. அடுத்த வரியிலேயே அது 'சமூகமயமாக்கல்' ஆகியிருந்தது. இரண்டுமே 'சோஷியலைசேஷன்' என்ற ஒரே சொல்லுக்குப் போட்டவை. இந்த மயமாக்கலை எத்தனையோ கையேடுகளில் அடித்துத் திருத்திவிட்டேன். இந்த முறை காரணத்தையும் எழுதி வைக்கிறேன்.

மூலச் சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'சோசியுஸ்'. தோழன், கூட்டாளி என்று பொருள். ஒரு கூட்டத்துக்குள் புதிதாக வருபவர் அதன் வழக்கங்களைக் கற்று அதில் ஒருவராவது என்பது பிற்காலச் சமூகவியல் பொருள். மேலாண்மைத் துறை ஆய்வாளர்களான ஜான் வான் மானனும் எட்கர் ஷைனும் அதை வேலையிடத்துக்குப் பொருத்தி 1979இல் விரிவாக எழுதினார்கள். வேரைப் பற்றி இவ்வளவு போதும்.

சிக்கல் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. 'ஆகு' தன்வினை, 'ஆக்கு' பிறவினை. திருந்து, திருத்து போல. 'ஆக்கல்' என்றதுமே செய்பவர் ஒருவர், செய்யப்படுவது இன்னொன்று என்று ஆகிவிடுகிறது. தனியார்மயமாக்கலில் அது பொருந்தும். அரசு முடிவெடுக்கிறது, ஆலை கைமாறுகிறது. உற்பத்திச் சாதனங்களைச் சமூகமயமாக்கல் என்றாலும் குறையில்லை, மூலச் சொல்லுக்கு அந்தப் பொருளும் உண்டு. ஆனால் வேலைக்குச் சேர்ந்த மனிதர் ஆலை அல்லர். 'மயம்' இன்னும் மோசம். எங்கும் இருள்மயம் என்றால் இருளைத் தவிர வேறொன்றும் இல்லை என்று பொருள். ஒருவரை நிறுவனமயமாக்கிவிட்டால் அவரிடம் அவராக என்ன மிஞ்சும்?

ஆய்வாளர்களின் கோட்பாடும் இதற்கு இடம் தரவில்லை. அந்த 1979 கட்டுரை புதியவர் நடந்துகொள்ளும் விதங்களை மூன்றாகப் பிரிக்கிறது. வேலையை இருந்தபடியே காப்பவர், செய்யும் முறையை மாற்றுபவர், அந்தப் பொறுப்பின் நோக்கத்தையே மாற்றுபவர். மூன்றில் இரண்டில் மாறுவது நிறுவனம். பணியிட உளவியலாளர் பெஞ்சமின் ஷ்னைடர் 1987இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஆட்கள் தமக்கு ஏற்ற இடத்தைத் தேடி வருகிறார்கள், தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், ஒட்டாதவர்கள் விலகுகிறார்கள். எஞ்சியவர்கள் எப்படியோ அப்படித்தான் அந்த இடம் என்றார்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஷிப்ட் மாறும்போது எழுதும் பதிவேடு ஒன்று இருந்தது. நேரம், பெயர், கையெழுத்து என்று மூன்றே கட்டங்கள். புதிதாக வந்த ஒரு பெண், முடியாத வேலையைப் பென்சிலால் ஓரத்தில் எழுதி வைப்பார். "இங்க அப்படி எழுதுற வழக்கமில்லம்மா" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். அந்தப் பெண் பதில் பேசவில்லை, எழுதுவதை நிறுத்தவும் இல்லை. சில மாதங்களில் அடுத்த ஷிப்டுக்கு வருகிற எல்லோருடைய கண்ணும் முதலில் அந்த ஓரத்துக்குத்தான் போனது. மறுபடி பதிவேடு அச்சடித்தபோது 'பாக்கி' என்று நான்காவது கட்டம் வந்துவிட்டது. அதற்குள் அவரும் எங்களைப் போலவே முதலெழுத்தை மட்டும் போட்டுக் கையெழுத்திடப் பழகியிருந்தார்.

அந்தக் கட்டம் அச்சேறியதுதான் நிறுவனமயமாதல். ஒரு வழக்கம் ஆளைச் சாராமல் நிலைபெறுவதற்கு அந்தச் சொல் தேவை. அதை எடுத்து அந்தப் பெண்ணின் மேல் ஒட்டினால் இரண்டு கருத்துகளும் சேர்ந்து குழம்பும்.

அவருக்கு நடந்ததற்கு நம்மிடம் எப்போதிருந்தோ இருக்கும் சொல் பழகுதல். "வேலை பழகிடுச்சா?", "இடம் பழகிடுச்சா?" என்றுதான் புதியவரைக் கேட்கிறோம். ஒருவரோடு பழகினேன் என்றால் அவரும் என்னோடு பழகினார் என்பது சொல்லாமலே விளங்கும். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளிலேயே (785) சொல் இந்த உருவில் நிற்கிறது. பயிற்சி கொடுப்பதை மட்டும் சொல்ல வேண்டுமா, 'பழக்குதல்' இருக்கிறது. மாட்டை வண்டிக்குப் பழக்குவது போல அது ஒருபக்க வேலை. ஆகு, ஆக்கு என்ற அதே வேறுபாட்டை இந்த இணையும் காட்டுகிறது.

இது பேச்சுச் சொல், கலைச்சொல்லுக்குரிய கனம் இல்லை என்பார்கள். கனம் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் நீளத்தை. மூலத்தில் '-ஐசேஷன்' என்ற வாலைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பவர் கை தானாக 'மயமாக்கல்' என்று எழுதிவிடுகிறது. யார் செய்கிறார், யாருக்கு நடக்கிறது என்று ஒரு நொடி கேட்டிருந்தால் உலகமயமாக்கலா உலகமயமாதலா என்ற சண்டையே பாதி குறைந்திருக்கும். குழந்தை வளர்ப்பைப் பேசும் சமூகவியல் பாடத்தில் 'சமூகமயமாதல்' இருந்துவிட்டுப் போகட்டும், அங்கே பழகுதல் சற்றுச் சிறிதாகத்தான் தெரிகிறது. வேலையிடத்தில் அந்தக் குறையும் இல்லை.

கையேட்டில் தலைப்பைப் 'புதியவர் பழகுகாலம்' என்று மாற்றியிருக்கிறேன். கீழே 'ஊழியர் கற்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. அவரிடமிருந்து நாம் கற்றவை என்று எழுத, பக்கத்திலேயே ஒரு கட்டம் விடுமாறு ஓரத்தில் குறித்து அனுப்பினேன்.