மேற்குச் சுவரில் எத்தனை யூனிட் கரண்ட்?

மொட்டை மாடியில் சோலார் போடுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. ஆனால் பத்து மாடி அடுக்ககத்தில் அந்த ஒரு மாடியை எல்லா வீடுகளும் பங்கு போட வேண்டும், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை போக மிஞ்சுவது கொஞ்சம்தான். சுவரோ நாலு பக்கமும் சும்மா நின்று வெயிலில் காய்கிறது. சுவிட்சர்லாந்து அரசின் எரிசக்தித் துறை 2019-இல் நாட்டின் கட்டடங்களை எல்லாம் கணக்கெடுத்தது: கூரைகளில் ஆண்டுக்கு 5,000 கோடி யூனிட் எடுக்கலாம், சுவர்களில் இன்னொரு 1,700 கோடி.

அதே கணக்கை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியாது. டிசம்பர் நண்பகலில் சூரிக் நகரத்துச் சூரியன் அடிவானத்திலிருந்து 19 டிகிரிதான் ஏறும், தெற்குச் சுவரில் கிட்டத்தட்ட நேராக வந்து அடிக்கும். சென்னையில் அதே நாளில் 53 டிகிரி. மார்ச் 21 வாக்கில் 77 டிகிரி ஆகிவிடும், அப்போது நண்பகல் வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்குகிறது, நேரடிக் கதிரில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் சுவருக்குக் கிடைக்கும். ஜூனில் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுவதால் தெற்குச் சுவருக்கு நண்பகலில் நேரடி வெயிலே கிடையாது! காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் நேராகப் படும் கிழக்கும் மேற்கும்தான் நமக்கு முக்கியம்.

சரி, சுவரில் விழும் வெயிலை எப்படி அளக்கிறார்கள்? விமானத்திலிருந்து லேசர் வீசி நகரத்தை முப்பரிமாணத்தில் படம் பிடிக்கிறார்கள். லேசர் மேலிருந்து வருவதால் கூரை துல்லியமாகப் பதிகிறது, சுவர் சரியாகப் பதிவதில்லை. அதனால் கட்டடத்தின் எல்லைக்கோட்டையும் உயரத்தையும் வைத்துச் சுவரைக் கணினியில் எழுப்புகிறார்கள். அப்புறம் அதைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஆண்டின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சூரியன் எங்கே நிற்கிறது, நடுவில் எது மறைக்கிறது என்று கட்டம் கட்டமாகப் பார்க்கிறார்கள். நேர்வெயில் போக, வானம் முழுக்கச் சிதறி வரும் வெளிச்சமும், தரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்புவதும் சேரும். வெட்டவெளியில் நிற்கும் சுவருக்கே பாதி வானம்தான் தெரியும், நெருக்கமான தெருவில் அதுவும் இல்லை.

இந்த நிழல்தான் கணக்கையே புரட்டிப் போடுகிறது. உங்கள் மேற்குச் சுவருக்கு எதிரே, 5 மீட்டர் தள்ளி, அதே உயரத்தில் ஒரு கட்டடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் மதியம் மூன்று மணிக்கு உங்கள் சுவரின் உச்சியிலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் வரை வெயில் இருக்கும். நாலரை மணிக்குப் பார்த்தால் சுமார் இரண்டரை மீட்டர்தான். வெயில் சுவருக்கு நேராகத் திரும்பத் திரும்ப, நிழல் மேலே ஏறிக்கொண்டே வருகிறது.

நிழல் பட்ட பரப்பை மட்டும் கழித்தாலும் போதாது. பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக்கும் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலே அந்த வரிசை முழுக்க மின்சாரம் சரிந்துவிடும். ஜன்னல், பால்கனி, ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாவற்றையும் வேறு கழிக்க வேண்டும். பக்கத்து மனை காலியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: அங்கே எத்தனை மாடிக்கு அனுமதி உண்டு என்று விசாரித்து, அந்த உயரத்துக்கு ஒரு கட்டடம் இருப்பதாக வைத்து இன்னொரு முறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேனலுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.